எட்டாத பூ

இரவு எட்டு மணி. மொட்டைமாடியில் ஒரு கையில் டார்ச், மறு கையில் அண்ணன் மகன் சின்ன வயதில் படம் வரைந்த பழைய பிரஷ். சுரைப்பந்தலுக்குள் குனிந்து, ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு இன்னொரு பூவில் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்து மாடியில் காய்ந்த துணி எடுக்க வந்த அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, பூவுக்கு வெள்ளையடிக்கிறியா?" என்று கேட்டார். "கல்யாணம் பண்ணி வைக்கிறேன்க்கா" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்து வைத்தேன். அந்த வேலைக்கு உரியவர்களை அதற்கு முந்தைய மூன்று வருடங்களில் ஒவ்வொருவராகக் கொன்று தீர்த்தது நான்தான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தபால் துறையில் 34 வருடம் வேலை பார்த்தேன். விருதுநகர், திண்டுக்கல், தேனி, மதுரை என்று மாற்றல் வந்த இடமெல்லாம் வாடகை வீடு. வாடகை வீட்டில் வைக்க முடிந்ததெல்லாம் காசித்தும்பையும் ஜினியாவும்தான். விதைத்தால் இரண்டு மாதத்தில் பூக்கும், வீட்டைக் காலி செய்யும்போது வயிறு எரியாது. தேனியில் மட்டும் ஆசையை அடக்க முடியாமல் ஒரு பவளமல்லிக் கன்று வைத்தேன். அது முதல் பூ விட்ட மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. லாரியில் சாமான் ஏற்றிவிட்டு அந்த மரத்தைத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

அதனால்தான் 2017இல் மதுரை திருநகரில் சொந்த வீடு கட்டியபோது, என் கண்ணுக்கு வீட்டைவிட வீட்டைச் சுற்றி மிஞ்சிய செம்மண்தான் பெரிதாகத் தெரிந்தது. அடுத்த வருடம் ஓய்வு பெற்றேன். ஒருமுறை வைத்தால் வருடக்கணக்கில் நிற்க வேண்டும், வருடத்தில் ஒரு நாள்கூட வீடு மணக்காமல் இருக்கக் கூடாது. இதுதான் திட்டம். தங்கச்சிமடத்துப் பதியன் என்று சொல்லி விற்றவரிடம் பன்னிரண்டு மல்லிகை வாங்கினேன். பங்குனி முதல் ஆனி வரை அதன் காலம். அது ஓயும்போது பிச்சி எடுத்துக்கொள்ளும். மழை விழுந்தால் பவளமல்லி. நிலச்சம்பங்கிக் கிழங்கு பாத்தி நிறைய. வாசல் கேட்டின்மேல் ரங்கூன் மல்லி. பூசைக்கு நாள் தவறாமல் கிடைக்க நந்தியாவட்டை, நடுவில் துளசி. காகிதத்தில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு நிரப்பினேன். ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

என் அம்மாவுக்குச் சோழவந்தானில் ஒரு பிச்சிப்பந்தல் இருந்தது. கொடி பந்தலை மூடி ஓட்டுக்கூரை வரை ஏறியிருக்கும். அம்மா கைக்கு எட்டியதை மட்டும் பறிப்பார். மேலே மிஞ்சியதெல்லாம் அந்தியில் மலர்ந்து, இரவெல்லாம் மணந்து, காலையில் வாசலில் கிடக்கும். இதில் தத்துவம் ஒன்றும் கிடையாது. அம்மா நாலடி பத்தங்குலம், எட்டவில்லை, அவ்வளவுதான். வீட்டு நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கும்போதுகூட மேல்கட்டைக்கு ஒரு சாண் கீழேயே கை நின்றுவிடும். அம்மா போன பிறகு அந்த வீட்டை இடித்தார்கள். நிலையை மட்டும் நான் கொண்டுவந்து பூசையறைக்கு வைத்துக்கொண்டேன். அவர் கை நின்ற இடம் வரை மரத்தில் இன்னும் சிவப்பேறியிருக்கிறது.

நான் அம்மாவைவிட உயரம். போதாததற்கு ஒரு தொரட்டி வாங்கினேன். விடிவதற்கு முன்னால் எழுந்து, மலர இருக்கும் மொட்டு ஒன்றுவிடாமல் பறித்துவிடுவேன். மல்லிகையை மொட்டாகத்தான் பறிக்க வேண்டும். காலையில் பறித்தால் சாயங்காலம் தலையில் மலரும், சந்தைக்குப் போகும் பூவுக்கும் இதுதான் முறை. அப்படிப் பார்த்தால் என் தோட்டத்தில் மல்லிகை பூத்ததே இல்லை. பூத்ததெல்லாம் தெருப் பெண்கள் கூந்தலில். எட்டு வீட்டுக்கு நான் பூக்கொடுக்கும் பெருமையில் இது எனக்கு உறைக்கவேயில்லை.

இரண்டாவது வருடம் மல்லிகையில் மொட்டுப்புழு வந்தது. மொட்டைத் துளைத்து உள்ளே தின்னும். மொட்டு ஊதாவாகிச் சுருங்கிப்போகும். உரக்கடைக்குப் போய் ஒரு பாட்டில் கேட்டேன், கொடுத்தார்கள். கடைக்காரர்மேல் குற்றமில்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று அவர் சொன்னதை நான்தான் பாதியாகக் குறைத்து, பத்து நாளைக்கு ஒருமுறை அடித்தேன். அடுத்து இலைப்பேனுக்கென்று இமிடாகுளோபிரிட் வாங்கி வேரில் ஊற்றினேன். அது செடியின் சாற்றோடு ஏறி இலைக்கும் தண்டுக்கும் போகும், பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும்கூடப் போகும். தேனீக்களுக்கு ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதைத் திறந்தவெளியில் பயன்படுத்தவே தடை செய்தது. நான் ஊற்றியது அதற்கு அடுத்த வருடம். பாட்டிலில் ஒட்டியிருந்த எச்சரிக்கை முக்கோணத்தைப் பார்த்தேன். மருந்து வீரியமானது என்று நம்பிக்கை வந்தது.

அடுத்து நந்தியாவட்டை. ஒரு காலையில் பார்த்தால் இரண்டு கிளை மொட்டையாக நிற்கிறது. இலைக்கு அடியில் விரல் தடிமனில் பச்சைப் புழு. பின்புறத்தில் சின்ன வால்போல ஒரு கொம்பு. தொட்டதும் தலையை உள்ளிழுத்துக்கொண்டு, கழுத்தருகில் இரண்டு நீலக் கண்களைக் காட்டியது. அவை உண்மையில் கண்களே அல்ல, பறவையை மிரட்டப் போட்ட வேஷம் என்பது பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அந்த வேஷம் என்னிடமும் பலித்தது, ஒரு நிமிடம் பின்வாங்கினேன். அப்புறம் இடுக்கி கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் "புழு 14" என்று எழுதினேன். அது வழக்கமாகிவிட்டது. பால் ஒரு லிட்டர், புழு 9. பால் ஒன்றரை, புழு 22.

இதோடு நிற்கவில்லை. சருகு சேர்ந்தால் பூச்சி சேரும் என்று நந்தியாவட்டைக்கு அடியில் தினமும் கூட்டி, வாரத்துக்கு ஒருமுறை கொளுத்தினேன். துளசி கதிர் விட்டால் செடி சீக்கிரம் முற்றிவிடும் என்று கதிர் தலைகாட்டும்போதே கிள்ளினேன். பந்தல் கட்டிய மூங்கில்களில் கருவண்டு ஓட்டை போட்டிருந்தது, சிமென்ட் வைத்து அடைத்தேன். இரவில் தோட்டம் தெரியட்டும் என்று வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு இரண்டு போட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் "தோட்டம் படம் மாதிரி இருக்கு" என்றார்கள். உண்மைதான். படத்தில் எதுவும் பறக்காது.

2021 கோடையில் மாடியில் சாக்குப்பைகளில் இரண்டு சுரை விதை போட்டேன். கொடி பந்தலை நிறைத்தது. முதலில் ஆண்பூவாக வந்தது, அது சுரைக்கு இயல்பு. பிறகு பெண்பூக்கள் வந்தன. பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குட்டிச் சுரைக்காயே இருக்கும், அதுதான் அடையாளம். அந்தப் பிஞ்சுகள் மூன்றாம் நாளே மஞ்சளாகி, நுனி கறுத்து விழுந்தன. ஐந்து வாரம் இதே கதை. எரு வைத்தேன், மோர் தெளித்தேன், பெருங்காயம் கரைத்து ஊற்றினேன்.

விதை கொடுத்த கிழவரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன். வண்டியில் நாட்டு விதை விற்பவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, சுரை எப்பப் பூக்குது?" என்றார்.

"சாயங்காலம்."

"எப்ப வாடுது?"

"விடிஞ்சா வாடிரும்."

"அப்ப ராத்திரியில வர்றது வரணும்ல. வருதா?"

அதுவரைக்கும் ராத்திரியில் என் தோட்டத்துக்கு எது வரும், எது வராது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் சொல்லிக் கொடுத்த வழிதான் அந்த பிரஷ். இருட்டியதும் தடவிய பெண்பூக்களில் ஐந்துக்கு மூன்று காய்த்தன. காய் கனத்ததும் சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் உட்கார்ந்துகொண்டது: நான் இல்லாவிட்டால் இந்தக் கொடிக்கு யார்?

அந்த ஆடியில் ஒரு இரவு மின்சாரம் போனது. என் தோட்ட விளக்குகளும் அணைந்தன. வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். கேட்டின்மேல் ரங்கூன் மல்லி புதிதாக மலர்ந்திருந்தது. அது அந்தியில் வெள்ளையாக மலரும், மறுநாள் ரோஜா நிறம், அதற்கு மறுநாள் சிவப்பு. கை எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டதால் அந்தக் கொடிக்கு மட்டும் நான் மருந்து அடித்ததில்லை. பூவுக்கு முன்னால் ஏதோ அசைந்தது. தேன்சிட்டு என்று நினைத்தேன், இந்த நேரத்தில் ஏது தேன்சிட்டு? காற்றில் ஓரிடத்தில் நின்றபடி, நீளமான ஊசிபோன்ற ஒன்றை விரல்நீளப் பூங்குழலுக்குள் விட்டு உறிஞ்சிவிட்டு அடுத்த பூவுக்கு நகர்ந்தது. சிவப்புப் பூக்களைச் சீந்தவில்லை, வெள்ளைக்கே போனது. கொஞ்ச நேரம் கழித்துத் தூணில் ஒட்டி உட்கார்ந்தபோது செல்போன் வெளிச்சத்தில் படம் எடுத்தேன். கையகல இறக்கையில் பாசிப்பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கோலம். என் அறுபத்துச் சொச்ச வயதுக்குள் இவ்வளவு அழகான பூச்சியைப் பார்த்ததில்லை.

விலங்கியல் படிக்கும் அண்ணன் மகனுக்குப் படத்தை அனுப்பினேன். "அத்தை, செம! இது ஹாக் மாத், அந்துப்பூச்சி வகை. சுரை, புடலை மாதிரி ராத்திரிப் பூக்களுக்கு இந்தக் குடும்பம்தான் முக்கியமான ஆள்" என்று பதில் வந்தது. கீழே இன்னொரு படம்: "இதோட புழு எப்படி இருக்கும் பாருங்க. அரளியிலயும் நந்தியாவட்டையிலயும் இருக்கும். பார்த்திருக்கீங்களா?"

பச்சை உடம்பு. பின்னால் கொம்பு. கழுத்தில் இரண்டு நீலக் கண்.

பார்த்திருக்கிறேன். பழைய காலண்டர்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2019இல் மட்டும் 163. இடுக்கிக்குத் தப்பிக் கீழே இறங்கியவை சருகுக்குள் கூட்டுப்புழுவாகிக் கிடந்திருக்கும். அவற்றையும் கூட்டிக் கொளுத்தியிருக்கிறேன். அதற்கும் தப்பிப் பறந்தது ஒன்றிரண்டு இருந்தால், அது தேடி வரும் மல்லிகை மொட்டை விடியுமுன்பே பறித்து மார்க்கமில்லாமல் செய்திருக்கிறேன். அவனுக்கு "பார்த்ததில்லப்பா" என்று பதில் எழுதினேன். அந்தப் பொய்யைச் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். சுரை காய்க்காததற்கு இதுதான் காரணம் என்று என்னால் சாட்சி கொண்டுவர முடியாது. அது கடுமையான வெயில், மாடிச் சூடு வேறு. ஹாக் மாத் குடும்பத்தில் பல வகை உண்டு. சர்க்கரைவள்ளிக் கொடியைத் தின்று வளரும் வகைகூட இருக்கிறது. என் நந்தியாவட்டைப் புழு மட்டுமே ஊரிலுள்ள சுரைக்கெல்லாம் பொறுப்பில்லை. ஆனால் வீடு முழுக்க மணக்க மணக்கச் செடி வைத்துவிட்டு, அந்த மணத்தைத் தேடி வருபவர்களை வாசலிலேயே அடித்துப் போட்டவள் நான் என்பதற்குச் சாட்சி காலண்டரில் இருக்கிறது.

மணத்தைப் பற்றியே நான் தப்பாக நினைத்திருந்தேன். மல்லி, முல்லை, பிச்சி, பவளமல்லி, சம்பங்கி எல்லாமே வெள்ளை, எல்லாமே அந்திக்குப் பிறகு மணப்பவை. இருட்டில் சிவப்பும் மஞ்சளும் எடுபடாது. வெளுப்புதான் கொஞ்சம் தெரியும், மீதிக்கு மணம்தான் வழிகாட்ட வேண்டும். கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் நடந்த சண்டைக் கதை மதுரைக்காரர்களுக்குத் தெரியும். அந்தச் சண்டைக்குக் காரணமான குறுந்தொகைப் பாட்டில் தலைவன் கேள்வி கேட்பது தும்பியிடம். மணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள யாரைக் கேட்க வேண்டும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. நான் உரக்கடையில் போய்க் கேட்டேன்.

அந்த வாரமே பாட்டில்களை மூடினேன். திருந்தினால் மறுநாளே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்த்ததும் தப்பு. முதல் ஆறு மாதம் தோட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. நந்தியாவட்டைகளில் மேற்கு ஓரத்துச் செடியைப் புழுவுக்கென்று விட்டேன். ஐப்பசியில் அது குச்சியாக நின்றது. போய்விட்டது என்றே நினைத்தேன், கார்த்திகை மழையில் குப்பென்று துளிர்த்தது. இப்போது வருடத்துக்கு இரண்டு தடவை இப்படி மொட்டையாகிறது, தழைக்கிறது. மற்றச் செடிகளில் புழு கண்டால் கொல்லாமல் இலையோடு எடுத்து அந்தச் செடிக்கு மாற்றிவிடுகிறேன். அதன் அடியில் சருகு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேலைக்கு வரும் பெண்மணிக்கு மட்டும் அது தீராத மனக்குறை.

மொட்டுப்புழு இன்றும் வருகிறது. மார்கழிக்குள் மல்லிகையைக் கவாத்து செய்து, வெட்டியதை அப்புறப்படுத்திவிடுகிறேன். ஊதாவான மொட்டுகளைத் தினமும் கிள்ளி எடுக்கிறேன். இருந்தாலும் ஒரு பங்கு போகத்தான் செய்கிறது. எட்டு வீட்டுக்குக் கொடுத்த பூ மூன்று வீட்டுக்குச் சுருங்கிவிட்டது. மற்ற ஐந்து வீட்டிலும் கோபம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

துளசியில் பாதியைக் கதிர் விட விட்டேன். பெரிய மருத்துவம் இதுதான் என்று யாருக்கும் சொல்வேன். சல்லிசான செடி, ஏறக்குறைய வருடம் முழுக்கப் பூ. பத்து மணி வெயிலில் அந்தச் சின்ன ஊதாப்பூக்களில் கொசுத்தேனீ, கொம்புத்தேனீ, வயிற்றில் நீலப்பட்டை போட்ட இன்னொரு தேனீ என்று சந்தைக்கடை மாதிரி இருக்கும். நீலப்பட்டைக்காரர்களில் ஆண்கள் அந்தியானால் கூட்டுக்குப் போகாமல் காய்ந்த குச்சியைப் பல்லால் கவ்விக்கொண்டு அப்படியே தொங்கியபடி தூங்குகிறார்கள். ஒரே குச்சியில் ஏழு பேரைப் பார்த்திருக்கிறேன், பேருந்துக் கம்பியைப் பிடித்துத் தூங்கும் பயணிகள்போல. கத்தரிப்பூவின் மகரந்தம் உப்புச்சிமிழ்போல நுனி ஓட்டை வழியாகத்தான் கொட்டும், யாராவது உலுக்க வேண்டும். நீலப்பட்டைக்காரர்களில் பெண்கள் பூவைக் கட்டிப்பிடித்து ரீங்கரித்து உலுக்குகிறார்கள். மூங்கிலில் சிமென்ட் வைத்து நான் அடைத்த கருவண்டுக்கும் அதே தொழில். சிமென்டைத் தோண்டி எடுத்தேன். புதிதாக இரண்டு மூங்கிலும் நட்டு வைத்தேன்.

செடி வாங்கும்போதும் ஒரு பாடம் கற்றேன். நான் முதலில் வைத்தது அழகுக்கு ஆசைப்பட்டு அடுக்கு நந்தியாவட்டை. அடுக்குப் பூக்களில் பெரும்பாலும் மகரந்தம் இருக்க வேண்டிய இடத்தையும் இதழே பிடித்துக்கொள்கிறது. பூச்சிக்கு அது அலங்காரம் மட்டும் உள்ள வெறும் தட்டு. இப்போது ஒற்றை நந்தியாவட்டை வைத்திருக்கிறேன். பவளமல்லிதான் என் பேராசைக்கு ஆரம்பத்திலிருந்தே தப்பியது. இரவு வேலையை முடித்துக்கொண்டு விடியலில் தானே உதிரும். மண்ணில் விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்ற விதிக்கு அது ஒன்றுதான் விலக்கு என்பார்கள். பூச்சிக்குப் போக மிச்சம்தான் சாமிக்கு என்று வைத்தவர்கள் யாரோ. எல்.ஈ.டி. விளக்குகளைக் கழற்றிவிட்டேன். தோட்டம் இரவில் எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

போன கோடையில் மறுபடி சுரை போட்டேன். பிரஷ்ஷைத் தொடவில்லை. முதல் பிஞ்சு விழுந்தது, இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது நின்றது. பருவம் முடிவதற்குள் பதினொரு காய். பக்கத்து மாடி அக்காவுக்கு ஒன்று கொடுத்தபோது, "இந்தத் தடவ யாரு கல்யாணம் பண்ணி வச்சது?" என்றார். "அவங்களே ஓடிப் போயிட்டாங்கக்கா" என்றேன். இருந்தாலும் பிரஷ்ஷைத் தூக்கிப் போடவில்லை. என் பழைய கணக்கு அவ்வளவு சீக்கிரம் தீராது.

பிச்சிப்பந்தலுக்கு மட்டும் ஒரு விதி வைத்திருக்கிறேன். பூசையறை நிலையில் அம்மாவின் குங்குமக்கறை முடியும் இடத்துக்குத் தரையிலிருந்து ஒரு நூல் பிடித்தேன். அதே நூலைக் கொண்டுபோய்ப் பந்தல் காலில் அளந்து, மஞ்சளால் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே இருப்பது எங்களுக்கு. தொரட்டியை முருங்கைக்கு எடுத்துக்கொள்கிறேன்.